அப்பாவின் பழைய பார்

கிளாஸ்கோ, மார்ச் 1974

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். வெள்ளிக்கிழமை நீங்கள் இங்கே வந்ததும் அருங்காட்சியகம், பிறகு மீன் சாப்பாடு. நீங்கள் போக ஆசைப்பட்ட உங்கள் பழைய பாரில்தான் சிக்கல்.

நேற்று என்னோடு பள்ளியில் பாடம் நடத்தும் ஷீனா டீச்சரோடு அங்கே போனேன். "பொம்பளைங்களுக்கு இங்க ஊத்தமாட்டோம், கண்ணு. டீக்கடைக்குப் போங்க," என்றார் பார்க்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

"எங்கப்பா டோனல்ட் இங்க இருபது வருஷம் குடிச்சாரு."

"டோனல்டா? தங்கமான ஆளு! ஒருநாளும் பொண்டாட்டிய உள்ள கூட்டிட்டு வந்ததில்ல!"

நீங்கள் உள்ளே குடித்து முடிக்கும்வரை அம்மா அந்த வாசலில் மழையில் நின்றாள், அப்பா. நானும் அவள் கையைப் பிடித்து நின்றேன்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி கொண்டுவாருங்கள். அறை குளிர்கிறது. வெள்ளிக்கிழமை என்னோடு முன்வாசல் வழியாக உள்ளே வாருங்கள். முடியாதென்றால் நீங்களும் போகாதீர்கள்.

வகுப்பு மணி அடிக்கிறது.

ரோனா