சின்னவனின் எடை

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பாடு, ராத்திரிக்குத் தூக்கம் எல்லாம் அங்கே உனக்கு ஒழுங்காக நடக்கும் என்று நம்புகிறேன், இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் மாடிப்படியில் மட்டும்தான் வலிக்கிறது, சமதரையில் என்னைவிட வேகமாக நடக்கிறாள். மேல்வீட்டுக்காரர்கள் குழாயை மாற்றினார்கள், ஒழுகுவது நின்று இப்போது விசிலடிக்கிறது. வாரம் தவறாமல் வீடியோவில் பேசுகிறவருக்குக் கடிதம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று நினைப்பாய். வீடியோவில் என் முகம் தெரியும், அதனால்தான். இருபத்தாறு வருஷமாகப் பார்சல் ஆபீஸில் ஊரார் எழுதியதையெல்லாம் அனுப்பிவைத்தவன், சொந்தமாக எழுத உட்கார்ந்தால் வீட்டில் ஒரு பேனா எழுத மாட்டேன் என்கிறது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், பெரியவன் இறந்துவிட்டான். இன்று நேற்று இல்லை, ஏழு வாரம் ஆகிறது. நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில் உள்ளங்கையில் வைத்துத் தூக்கி வந்து, வெளிநாடு போகும்போது எங்கள் பொறுப்பில் விட்டுப்போன இரண்டு ஆமைகளில் இப்போது இருப்பது சின்னவன் மட்டும்தான். இந்த ஏழு வாரமும் ஞாயிற்றுக்கிழமை நீ பார்த்த இரண்டு ஆமைகளும் ஒரே ஆமை. சின்னவனை வலப்பக்கமாகக் காட்டுவேன், தொட்டியில் விடுவது போல விட்டுத் திரும்ப எடுத்து இடப்பக்கமாகக் காட்டி, இதோ பெரியவர் வந்துட்டார் என்பேன். பெரியதாகத் தெரிய வேண்டும் என்று இரண்டாம் முறை போனுக்குக் கொஞ்சம் கிட்டத்தில் பிடிப்பேன். உன் அப்பனுக்கு இந்த வயதில் இந்த வேலை.

நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்துகிறான், புது ஸ்டைல் கற்றுக்கொண்டான் என்று நான் சிரித்துக்கொண்டே சொன்ன ஞாயிறு உனக்கு நினைவிருக்கும். நீ சிரிக்கவில்லை. அது நீச்சல் இல்லப்பா, நுரையீரல்ல ஏதோ ஆயிருக்கு, நாளைக்கே டாக்டர்கிட்ட கொண்டுபோங்க என்றாய். சரி சரி என்றேன். திங்கட்கிழமை ஆபீஸில் பார்சல் மலையாகக் குவிந்திருந்தது, செவ்வாய்க்கிழமை நான் போய்ச் சேர்வதற்குள் நம் தெருமுனை கிளினிக்கைப் பூட்டிவிட்டார்கள். புதன்கிழமை உள்ளே விட்டார்கள். மேசையில் இருந்த பெண் நாயா பூனையா என்று கேட்டாள், ஆமை என்றதும் படிவத்தில் மற்றவை என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். டாக்டர் நேர்மையான மனுஷர், எனக்கு இத எப்படிப் பிடிக்கறதுன்னே தெரியாது சார், தெரிஞ்ச மாதிரி ஊசி போட்டா பாவம் என்று கையை விரித்தார். வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்தவர் முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்து, பெரியவனை ஒரு சுற்று திருப்பிப் பார்த்து, என்கிட்ட இருக்கற ஊசியே இதைவிடப் பெருசு என்றார். வெள்ளிக்கிழமை காலையில் தொட்டியில் கழுத்தை நீட்டியபடி கிடந்தான். நீ சொன்ன திங்கட்கிழமையே நான் போயிருந்தால் என்று இப்போது எழுதுகிறேன், அன்றைக்கு அதுகூடத் தோன்றவில்லை. பால்கனியில் சும்மா கிடந்த பெரிய பூந்தொட்டியில் புதைத்துவிட்டு, குளித்து, பஸ் பிடித்து ஆபீஸ் போய் நாற்பத்து மூன்று பார்சல் நிறுத்தேன், ஒன்றில்கூடத் தப்பு இல்லை. பல் டாக்டர் ஊசி போட்டு அனுப்பிய கன்னம் மாதிரி இருந்தது, தட்டினால் தட்டியது தெரிகிறது, வலிக்கவில்லை. இன்றுவரை அப்படியேதான் இருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ எடுத்த எடுப்பில் ரெண்டு பேரும் எப்படிப்பா இருக்காங்க என்று கேட்டாய், நல்லா இருக்காங்கம்மா என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. உண்மையையே எழுதிவிடுகிறேன். நீ எங்களோடு மனம்விட்டுப் பேசுவது அவர்களைப் பற்றி மட்டும்தான். என்னிடம் சாப்பிட்டீங்களா என்பாய், நான் சாப்பிட்டேன் என்பேன், அதற்கு மேல் நம் இருவருக்கும் ஒன்றும் ஓடாது. ஆமையும் இல்லையென்றால் உனக்கு எங்களைக் கூப்பிட என்ன இருக்கிறது என்று பயந்தேன். உன்மேல் குறை சொல்லவில்லை, நானும் பேசத் தெரிந்தவன் இல்லை.

போன மாதம் சின்னவனுக்குக் கண் வீங்க ஆரம்பித்தது. இரண்டு இமையும் உப்பி மூடிக்கொண்டன, கண் தெரியாததால் தீனியை மூக்கின்மேல் போட்டாலும் வாயைத் திறப்பதில்லை. மீன்தொட்டிக் கடைக்காரர் ஒரு சொட்டு மருந்து தந்தார், தொட்டித் தண்ணீர் நீலமானதுதான் மிச்சம். வேறென்ன செய்வது என்று தெரியாமல் டப்பாவில் போட்டு ஆபீஸுக்கு எடுத்துப்போய்ப் பார்சல் மெஷினில் எடை போட்டேன், டப்பாவைக் கழித்து அறுநூற்று நாற்பது கிராம். அடுத்த வாரம் அறுநூற்று இருபத்திரண்டு, அதற்கடுத்து அறுநூற்றுப் பத்து. சீல் அடித்தால் கட்டடமே அதிர்கிற எங்கள் சீல் அண்ணன் எட்டிப் பார்த்து, எடை போட்டாச்சு, விலாசம் எழுதலையே, எங்கே அனுப்பறதா உத்தேசம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உன் விலாசம் எனக்கு நாக்கு நுனி வரை வந்தது, அப்படியே விழுங்கிக்கொண்டேன். அன்று சாயங்காலம் அம்மா ஒரு துண்டுச் சீட்டை என் சட்டைப்பையில் வைத்து, மேல்வீட்டு அக்கா குடுத்தாங்க, ஆமை பாக்கற டாக்டராம், சனிக்கிழமைதான் இருப்பாங்களாம் என்றாள். மேல்வீட்டு அக்காவுக்கு ஆமை டாக்டரை எப்படித் தெரியும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை பார்.

இன்று சனிக்கிழமை, காலையில் இரண்டு பஸ் மாறிப் போய்வந்தேன். டப்பாவுக்குள் ஈரத் துணி விரித்து மடியில் வைத்துக்கொண்டேன், பக்கத்து சீட்டுக்காரர் சாப்பாட்டு டப்பா என்று நினைத்திருப்பார், உள்ளே இருந்து பிறாண்டும் சத்தம் கேட்டதும் எழுந்து போய் நின்றுகொண்டார். கிளினிக்கில் ஒரு கிளி, ஒரு முயல், அப்புறம் நாங்கள். டாக்டரம்மா உன்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். எடை எவ்வளவு என்றார், ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு என்றேன், தம் மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு சரியா யாருமே சொன்னதில்ல, மருந்து அளவே எடையை வச்சுத்தான் என்றார். என்னை யாரும் பாராட்டி நாளாயிற்று. என்ன தீனி என்றார், காய்ந்த இறால் மட்டும்தான் என்றேன், தலையை ஆட்டினார். வெயில் படுமா என்றார். தினமும் ஜன்னல் ஓரத்தில் நல்ல வெயிலில் வைக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். ஜன்னலைத் திறந்து வைப்பீங்களா என்றார். இல்லை, கண்ணாடிக் கதவு, பூனை வரும். கண்ணாடி வழியா வர்றது வெறும் வெளிச்சம் சார், அதுக்கு வேண்டிய சத்து கண்ணாடியைத் தாண்டி வராது என்றார். அப்படியானால் இத்தனை நாளும் ஜன்னலோரத்தில் வைத்து நான் இரண்டு பேரையும் ஏமாற்றியிருக்கிறேன். அவன் முதுகு ஓட்டை விரலால் அழுத்திப் பார்த்தார், ஓரம் மெத்தென்று இருந்தது. பின்னங்காலில் ஊசி போட்டு, கண்ணுக்குக் களிம்பு தடவி, துடைத்தபடியே அதனிடம், இனிமே சரியாயிடும் சின்னவனே என்றார். நான் அவரிடம் பெயர் எதுவும் சொல்லவே இல்லை. அவருக்கும் உடனே புரிந்துவிட்டது, களிம்பை மூடி வைத்துவிட்டு, எனக்கு ரகசியம் காப்பாத்தவே வராது சார் என்று எல்லாவற்றையும் சொன்னார். வீடியோவில் சின்னவனின் கண் வீக்கத்தைப் பார்த்துவிட்டு, போன வாரம் நீ அவருக்குப் போன் செய்தாயாம். பின்ஓட்டில் நடுவில் ஒரு துண்டு பெயர்ந்த ஆமையோடு அப்பா வருவார், அவன் பேர் சின்னவன், இன்னொண்ணு எங்கேன்னு மட்டும் அவர்கிட்ட கேட்டுடாதீங்க என்றாயாம். வலப்பக்கம் காட்டினாலும் இடப்பக்கம் காட்டினாலும் அந்தத் துண்டு பெயர்ந்த இடம் தெரியுமாம், முதல் ஞாயிறே கண்டுபிடித்துவிட்டாயாம். அலமாரியிலிருந்து விழுந்து அடிபட்ட அன்று ராத்திரி முழுக்க நீதானே அவனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், எனக்கு ஏன் அது மறந்தது.

மேல்வீட்டு அக்கா பெயரைச் சொல்லி அம்மா தந்த சீட்டும் உன்னிடமிருந்து வந்ததுதான் என்று வீட்டுக்கு வரும் வழியில்தான் புரிந்தது. பால்கனியில் செடி இல்லாத அந்தத் தொட்டி ஈரமாக இருந்தது, அவள் ஏழு வாரமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள் போல. அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன், வரவில்லை, உள்ளே வந்து இதை எழுத உட்கார்ந்தேன். இந்தக் கடிதம் உன்னிடம் வர பத்து நாள் ஆகும், அது எனக்குத் தெரியாதா. நடுவில் நாளைக்கு ஒரு ஞாயிறு, அடுத்த வாரம் ஒரு ஞாயிறு. நீ இரண்டு பேரையும் கேட்பாய், நான் ஒருவனையே இரண்டு முறை காட்டுவேன், இரண்டாம் முறை கிட்டத்தில் பிடிப்பேன். வாயால் சொல்ல எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை, அந்த இரண்டு ஞாயிறும் நீயும் தெரியாத மாதிரியே இரும்மா, உனக்கு அது நன்றாக வருகிறது. கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒருவனைப் பற்றி மட்டும் கேள். மிச்ச நேரத்தில் என்னைக் கேள், சாப்பிட்டேன் என்பதோடு நிறுத்த மாட்டேன்.

நீ நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் நடந்து, நன்றாக இருக்க வேண்டும், அம்மாவும் நானும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறோம். உன் அறை ஜன்னலைப் பகலில் கொஞ்ச நேரமாவது திறந்து வை, மறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: மூன்று நாள் தபாலில் சேர்க்காமல் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். இன்று காலை ஜன்னலைத் திறந்து, பூனை வராமல் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சின்னவனுக்கு ஒரு கண் பாதி திறந்திருக்கிறது. எடை அறுநூற்று ஒன்று.