நாற்பது பக்கமும் நீலத் தூளி

மார்ச் 3
ஷாகிர் அண்ணே போன் செய்தார். செல்லூரில் தறி போட்டு, தூளித் துணியும் துண்டும் இணையத்தில் விற்கிறவர். பிள்ளை பெற்றபின் எனக்குக் கிடைத்த முதல் வேலை அவருடைய இணையதளத்தைப் பார்த்துக்கொள்வதுதான்.

"தங்கச்சி, கூகுள்ல தேடுனா நம்ம தூளி எம்புட்டோ கீழ கெடக்கு."

பார்த்தேன். ஒரே தூளி; ஐந்து நிறம், ஐந்து தனிப் பக்கம், எழுத்து அச்சு அசல் ஒன்றே. எது மூலப் பக்கம் என்று தேடுபொறிக்குப் புரியவில்லை. கெனானிக்கல் டேக் போட வேண்டும். ‘நான் நகல், மூலம் அது’ என்று பக்கத்துக்குள்ளே மறைவாகச் சொல்லும் ஒரு வரி.

இங்கே வீட்டிலும் அதே கதை. ஏழு மாதப் பிள்ளைக்கு மூன்று பெயர். இவருக்கு, செல்வக்குமாருக்கு, குட்டிமா. எனக்கு இதழினி. அத்தைக்கு, என் மாமியாருக்கு, செல்லத்தாய்; தன் பெயரையே வைத்துவிட்டார். மாமியார் பெயரை மருமகள் எப்படிச் சொல்லிக் கூப்பிடுவது? பிறப்புச் சான்றிதழில் பெயர்க் கட்டம் இன்னும் காலி.

மார்ச் 5
நீலத் தூளியை மூலமாக வைத்துப் போட்டுவிட்டேன். இடது கையில் பிள்ளை, வலது கையில் மவுஸ்.

மார்ச் 21
துண்டு, போர்வை, கைக்குட்டை — தேடினால் எதுவுமே வரவில்லை. ஐயோ. அந்த வரியை ஐந்து தூளிப் பக்கங்களில் போடாமல், எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான தலைப்பகுதியில் ஒட்டியிருக்கிறேன். நாற்பது பக்கமும் ‘நான் நீலத் தூளியின் நகல்’ என்கிறது. பதினாறு நாளா! என்னத்தப் பண்ணித் தொலைச்சேன்?

"சொல்லாம சரி பண்ணிரு, யாருக்குத் தெரியும்?" என்கிறார் செல்வக்குமார். துண்டு ஆர்டர் நின்றுபோனது அண்ணனுக்குத் தெரியாதா?

மார்ச் 22
பிள்ளையோடு செல்லூருக்கே போய்ச் சொல்லிவிட்டேன். தறிச் சத்தத்தில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"துண்டையெல்லாம் தூளின்னு எழுதிட்டியாக்கும்? தூளி ஒரு பிள்ளையத் தாங்கும் தங்கச்சி. எட்டுத் தறியத் தாங்குமா?"

ஏப்ரல் பத்துவரை பார்ப்பாராம். அதற்குள் துண்டு தேடலில் வராவிட்டால் வேறு ஆள். கிளம்பும்போது பிள்ளைக்கென்று ஒரு தூளித் துணி கொடுத்தார். அதுவும் நீலம். ஆட்டோவில் அழுதேன்.

மார்ச் 23
இனி ஐந்து தூளிப் பக்கமும் நீலத்தை மூலமாகக் காட்டும். மற்ற ஒவ்வொரு பக்கமும் தன்னையே காட்டும். இரண்டு முறை சரிபார்த்தேன். அத்தை பிள்ளையைத் தூக்கிக்கொண்டார். "நீ பாரு தாயி. நாங்க ரெண்டு செல்லத்தாயும் இருந்துக்கிருவோம்." பாலுக்கு மட்டும் கொண்டுவந்தார்.

ஏப்ரல் 1
வரவில்லை.

ஏப்ரல் 6
வரவில்லை. இதழினிக்குப் பல் முளைத்திருக்கிறது. அதையும் அத்தைதான் முதலில் பார்த்தார்.

ஏப்ரல் 9
காலையிலேயே அண்ணே: "துண்டு வந்துருச்சு தங்கச்சி! போர்வையும் வருது. அடுத்து தலகாணி உறை போடப் போறேன், நீயே எழுது. ஒட்டுறப்ப மட்டும் பிள்ளைய எறக்கி விட்டுரு!"

ஏப்ரல் 11
மாநகராட்சி அலுவலகம். கட்டத்தில் எழுத ஒரே பெயர்தான். இவர் என்னைப் பார்த்தார். செல்லத்தாய் என்று எழுதினேன். குட்டிமாவும் இதழினியும் வீட்டில் இருக்கட்டும். எதையும் அழிக்க வேண்டியதில்லையே.

சாயங்காலம் அடுப்படியிலிருந்து, நாக்குக் கூச, கூப்பிட்டுப் பார்த்தேன். "செல்லத்தாயி..."

அத்தை திரும்பினார். அவர் இடுப்பிலிருந்து, பிள்ளையும்.