அன்று ஏரிக்கரையில் கேட்டது போலீஸ் விசில் இல்லை

கரை சேர்ந்துவிட்ட என் நைனாவுக்கு,

நாம் இரண்டு பேரும் நேரில் பேசியதைவிடக் கடிதத்தில் பேசியதுதான் அதிகம். நீங்கள் கப்பலில் இருந்த வருடங்களில் கொச்சியிலிருந்தும் விசாகப்பட்டினத்திலிருந்தும் வரும் இன்லண்டு கடிதத்தை அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்டுவேன். அதனால் உங்களுக்கு எழுதுவது எனக்குப் புதிதில்லை. ஊரே படிக்கும்படி எழுதுவதுதான் புதிது. பக்கத்து வீட்டில் பேசும்போதுகூட வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தும் என் சுபாவம் உங்களுக்குத் தெரியும். என்ன செய்வது? உங்கள் சாவைப் பற்றி ஊரில் ஒரு தப்பான கதை நடமாடுகிறது. யாரும் வேண்டுமென்று கட்டிவிடாத கதை. அதனாலேயே அதைக் கலைக்க முடியவில்லை.

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். தியாகதுருகத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து போய்க் கடற்படையில் சேர்ந்து, கப்பலில் பைப் ஊதும் வேலை பார்த்தீர்கள். பைப் என்றால் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வெள்ளி ஊதல். ஒலிபெருக்கி வருவதற்கு முன் கப்பலின் கட்டளைகளெல்லாம் அதில்தான் போகும். எழுந்திரு, சாப்பிட வா, கயிற்றை இழு, அசையாமல் நில். காற்றிலும் அலையிலும் மனிதக் குரல் எடுபடாது, அந்தக் கீச்சுக்குரல் எடுபடும். கப்பலில் யாரும் வாயால் சீழ்க்கை அடிக்கக் கூடாது, கட்டளையோ என்று ஆட்கள் குழம்பிவிடுவார்கள். அந்தச் சட்டத்தை நீங்கள் நம் வீட்டுக்கும் கொண்டுவந்தீர்கள். மாட்டை ஓட்டச் சீழ்க்கை அடித்த சித்தப்பாவிடம் இரண்டு நாள் பேசாமல் இருந்தீர்கள்.

ஒருமுறை தியாகதுருகம் மலைக்கோட்டைக்கு என்னைக் கூட்டிப்போனீர்கள். மேலே கிடக்கும் பழைய பீரங்கியின் மேல் பிள்ளைகள் குதிரை ஏறி விளையாடிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் சட்டைப் பையிலிருந்து பைப்பை எடுத்து, அதன் நீளக் குழலுக்கும் பீரங்கி என்றுதான் பெயர் என்றீர்கள். நுனியிலிருக்கும் உருண்டைக்கு மிதவை, இரண்டையும் தாங்கும் தகட்டுக்குக் கப்பலின் அடிமரம். ஒரு முழுக் கப்பலையும் ஒரு பீரங்கியையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த மனிதர் நீங்கள்.

அதிகாரி கப்பலில் ஏறும்போதும் இறங்கும்போதும் பைப் ஊதி மரியாதை செய்வது வழக்கம். தாழ்ந்து தொடங்கி, உயர்ந்து நின்று, மறுபடி தாழும் ஒரே மூச்சு. அது எப்படி வந்தது என்றும் சொல்லியிருக்கிறீர்கள். கடல் கொந்தளிக்கும்போது படகிலிருந்து ஏணி ஏற முடியாத பெரியவர்களை ஒரு மரநாற்காலியில் உட்காரவைத்துக் கயிறு கட்டி மேலே தூக்குவார்களாம். இழு, நிறுத்து, இறக்கு என்று கயிறு பிடிக்கிறவர்களுக்குச் சொல்லத்தான் அந்த ஊதல். பதவி ஏற ஏறத் தொப்பையும் ஏறும், இழுக்க ஆளும் ஜாஸ்தி வேண்டும் என்று சொல்லிவிட்டு நீங்களே சிரிப்பீர்கள்.

மூன்று வருடம் முந்தி நடந்த சாலை மறியலுக்குச் சில நாள் முன்னால் மோட்டார் கொட்டாயில் நீங்களும் சித்தப்பாவும் பேசிக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. படிப்பிலும் வேலையிலும் நம் சனத்துக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகக் கூட்டம் நடந்துகொண்டிருந்த காலம். ராத்திரி பகல் பார்க்காமல் சித்தப்பா அதிலேயே அலைந்தார். மரத்தை வெட்டிச் சாலையில் போடுவது உங்களுக்குப் பிடிக்கவில்லை.

"நீ கப்பல்ல இன்னாவா இருந்தண்ணே?" என்றார் சித்தப்பா.

"ஊதறவனா இருந்தன்."

"நீ ஊதுனா யாரு ஏறுவா?"

"ஆபீசருங்க."

"உனுக்கு எப்பனா ஊதனாங்களா?"

நீங்கள் பம்ப்பிலிருந்து விழும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். "செத்தா ஊதுவாங்கடா. பொணம் கப்பல வுட்டு எறங்கச்சொல்ல, அது கடைசிச் சிப்பாயா இருந்தாலும் ஊதணும். அது சட்டம்."

"பாத்தியா? நாம சாவணும். அப்பத்தான்" என்றார் சித்தப்பா.

உங்களுக்கும் அந்தோணி மாமாவுக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஒரே கப்பலில் உங்களோடு பைப் ஊதியவர், ஓய்வு பெற்று எலவனாசூர்கோட்டையில் நிலம் பார்த்துக்கொண்டிருந்தவர். யார் முதலில் போனாலும் மற்றவர் வந்து ஊத வேண்டும். வாசலை விட்டுப் பாடை இறங்கும்போது அந்த ஒரே மூச்சு. பேன்டு வேண்டாம், வெடி வேண்டாம் என்று அம்மாவிடமும் என்னிடமும் சொல்லிவைத்திருந்தீர்கள். வாழ்நாளெல்லாம் அடுத்தவர்களுக்கு ஊதிய ஒருவருக்கு வேறு என்ன ஆசை இருக்க முடியும்?

மறியல் வாரத்திலேயே போனீர்கள். மடை திருப்பிவிட்டு வரப்பில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய வேலைகூட வைக்கவில்லை. பஸ் இல்லை, லாரி இல்லை. எலவனாசூர் சாலை நெடுக வேரோடு சாய்த்த புளியமரங்கள். அதில் நம் ஊர்ப் பக்கத்து மரங்களுக்குக் கோடாரி பிடித்தவர் சித்தப்பா. சேதி சொல்ல ஒருவர் வயல் வழியாகச் சைக்கிளில் போனார்.

அந்தோணி மாமா வரும்வரை வைத்திருக்கலாம் என்று நான் கேட்டேன். அங்கங்கே துப்பாக்கிச் சூடு என்று பேச்சு வந்துகொண்டிருந்தது. சாவுக்குக் கூடியிருந்த ஆண்களில் பாதிப் பேர் பெயர் போலீஸில் இருந்தது. கூட்டத்தைப் பார்த்து வேன் வந்தால் வீட்டுக்குள்ளேயே அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்தார்கள். அம்மாவின் அண்ணன் என்னைத் தனியே அழைத்து, "விசில் ஊதறதுக்காம்மா பொணத்த வெச்சிக்கினு குந்தியிருக்கறது?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பாவம்போலக் கேட்டார். அவர்கள் பயமும் நியாயம்தானே? சங்கும் சேகண்டியும் ஒலிக்க உங்களை எடுத்துக்கொண்டு போனார்கள். வாசலில் அந்த மூச்சு கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் ஊர் தப்பாகச் சொல்லும் கதை.

நாங்கள் பெண்கள் வீடு கழுவிக்கொண்டிருந்தோம். ஏரிக்கரைச் சுடுகாட்டுப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. தாழ்ந்து, உயர்ந்து, அங்கேயே நின்று, மெல்ல இறங்கியது. தெருவில் "போலீசு வந்துட்டான்" என்று கத்தல். கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். நான் கையை உருவிக்கொண்டு தெருவிலேயே நின்றேன்.

"அது நைனாவுக்கும்மா" என்றேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். உங்கள் பைப்பைக் கண்டாலே காதைப் பொத்திக்கொள்கிறவள். "அந்தோணி வந்துட்டாரா?" என்று கேட்டாள். தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, ஈரத் தலையோடு என் பக்கத்தில் வந்து நின்றாள். சத்தம் ஓய்ந்த பிறகும் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.

விழுந்த மரங்களில் சைக்கிளை ஏற்றி இறக்க முடியாமல், அதை ஒரு கொட்டகையில் போட்டுவிட்டு, மாமா நடந்தே வந்திருக்கிறார். பாடை எடுத்தாயிற்று என்று வழியில் கேள்விப்பட்டு நேரே ஏரிக்குக் குறுக்கே இறங்கிவிட்டார். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், நெஞ்சில் மெடல். சிதை எரியத் தொடங்கியிருந்தது. வந்த வேகத்தில் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். இத்தனை வருடம் அந்தச் சத்தம் கேட்டால் மனிதர்கள் விறைத்து நிற்பதையே பார்த்துப் பழகியவர். அந்த வாரத்தில் எங்கள் பக்கத்து ஆண்களுக்கு ஊதல் என்றால் ஒரே அர்த்தம்தான் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. கொள்ளி வைத்த சித்தப்பா உட்பட அத்தனை பேரும் கரும்புக்குள் பாய்ந்துவிட்டார்கள்.

பிறகு மாமா வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "ஊதி முடிச்சிக் கண்ணத் தொறந்தன் பாப்பா. ஒரு ஆளு இல்ல. அவரு தனியா எரிஞ்சிக்கினு இருந்தாரு."

நைனா, அந்த வார்த்தையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? நீங்கள் கேட்ட மரியாதை உங்களுக்குக் கிடைத்தது. அதுவே உங்களைச் சுற்றியிருந்தவர்களை விரட்டியது. சிதை எரிந்து முடியும்வரை மாமா உங்களோடு இருந்தாராம். அதை மட்டும் நினைத்துக்கொள்கிறேன்.

சித்தப்பாவுக்கு அன்றைக்கே விஷயம் தெரியும். மாமா போய்ச் சொல்லிவிட்டுத்தான் ஊர் திரும்பினார். ஆனால் அதற்குள் கரும்புக்குள் ஓடியவர்கள் நாலு ஊருக்குச் சொல்லியிருந்தார்கள், சுடுகாட்டிலும் போலீஸ் துரத்தியது என்று. ஒரு கூட்டத்தில் மேடையேறி ஒருவர் அதைச் சொல்ல, எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அண்ணன் சிதையைக்கூட விட்டுவிட்டு ஓடவேண்டியிருந்த தியாகி என்று சித்தப்பாவுக்குத் துண்டு போர்த்தினார்கள். துண்டை வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு யார் கேட்டாலும் "ம்" என்பார். இல்லை என்றும் சொன்னதில்லை, ஆமாம் என்றும் சொன்னதில்லை. அந்த வாரத்தில் மற்ற ஊர்களில் நடந்த கொடுமைகள் நிஜம். அந்த நிஜத்தோடு இதுவும் சேர்ந்துகொண்டது.

உங்களுக்குச் சேதி நிறைய இருக்கிறது. கேட்ட ஒதுக்கீடு கொஞ்சம் கிடைத்தது நைனா. சித்தப்பாவின் பெரியவன் இன்ஜினீயரிங் படிக்கிறான். நம் குடும்பத்தில் முதல் ஆளாக நீங்கள் சொன்ன அந்த மரநாற்காலியில் உட்கார்ந்து மேலே போகிறான், கயிறு பிடித்தவர்களில் நீங்கள் கோபித்துக்கொண்ட உங்கள் தம்பியும் ஒருவர். இப்போது வடக்கே டில்லிப் பக்கம் இதே மாதிரி ஒதுக்கீட்டை எதிர்த்துப் பிள்ளைகள் தெருவில் இறங்கியிருக்கிறார்கள். ரேடியோவில் கேட்கும்போதெல்லாம் நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று யோசிக்கிறேன். உங்கள் பதில் எனக்குக் கிடைக்கவில்லை. நீங்கள் இரண்டு பக்கமும் தலையசைக்கிற ஆள்.

எனக்கு வெள்ளிமலையில் டீச்சர் வேலை. சனிக்கிழமை பஸ் பிடித்து மலையிறங்கி அம்மாவிடம் போகிறேன். உங்கள் பைப் என்னிடம்தான் இருக்கிறது. நீங்கள் ஊதிக் கேட்ட காதை மட்டும் வைத்துக்கொண்டு நானாக ஊதிப் பார்க்கிறேன். கையை விரித்தால் தாழ்ந்த ஒலி, உருண்டையைப் பொத்தினால் உயர்ந்த ஒலி, நடுவில் மூச்சு உடையக் கூடாது. முதல் தடவை பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நின்று ஊதினேன். மறுநாள் ஓர் அம்மா வழிமறித்தாள். "டீச்சரே, நீதானா அது? ரெய்டுன்னு நெனச்சி எங்கூட்டு ஆளு ஊறல ஓடையில ஊத்திட்டான்" என்றாள். சாராய ஊறல் போன துக்கத்தைவிட, புருஷன் ஓடிய ஓட்டத்தை நினைத்து அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. நானும் சிரித்தேன். அறைக்கு வந்த பிறகு அழுதேன்.

ஏன் ஊதிப் பழகுகிறேன் என்று கேட்பீர்கள். அந்தோணி மாமாவுக்கு மூச்சிரைப்பு முற்றிவிட்டது. பேசவே இடைவெளி விடுகிறார். போய்ப் பார்த்தபோது உங்கள் ஒப்பந்தத்தை நான் எடுக்கவில்லை, அவரே எடுத்தார். "எனக்கு மாதா கோயில் மணி அடிப்பாங்க, அது போதும் பாப்பா" என்று சிரித்தார். போதாது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

போன வாரம் சித்தப்பா மலையேறி வந்தார். வேர்க்கடலை, நம் ஊர் மல்லாட்டை, ஒரு பை கொண்டுவந்திருந்தார். மாமாவின் நிலைமையைச் சொன்னேன். வெகு நேரம் மல்லாட்டையை உரித்து உரித்து என் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார், தான் ஒன்றும் தின்னவில்லை.

"நீ எழுதுவியே, பத்திரிகைக்கு. அண்ணனுக்கு ஊதனத எழுது" என்றார்.

"உங்க பேரு வருமே சித்தப்பா" என்றேன்.

"வரட்டும். போலீசு வர்ல, நான்தான் ஓடனன்னு எழுது. மரத்த வெட்டுனதுக்கு நான் வருத்தப்படல கலா. அந்த மரத்தால அந்தோணி வழியில நின்னுட்டாருன்னுதான்..." எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். பிறகு திரும்பாமலே கேட்டார், "அவருக்கு நீ ஊதுவியா?"

ஊதுவேன் என்றேன்.

"ஊது. நான் நிக்கறன்."

ஆகவே எழுதிவிட்டேன், நைனா. இதைப் படிக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு உங்கள் மூலமாக ஒன்று சொல்லிக்கொள்கிறேன். எலவனாசூரில் ஒரு நாள் அந்தச் சத்தம் கேட்கும். அது யாரையும் பிடிக்க வரும் சத்தம் இல்லை. உங்கள் நண்பர் வாசலை விட்டு இறங்கும்போது நான் அங்கே இருப்பேன், சாலையில் என்ன கிடந்தாலும் எடுப்பதற்கு முன்னே போய்ச் சேர்ந்திருப்பேன். மூச்சு உடையாமல் ஊதுவேன். உங்கள் தம்பி அசையாமல் நிற்பார். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்களுக்காகத் தெருவில் நின்ற அம்மாவின் மகள், உங்கள் மகள்,
கலா