இருட்பாறைச் சுரங்கநீர் தலைநகர்க்கு வாராது

நலம் பெருகுக. செங்கோல் கோணாத செங்கோடை நாட்டின் முதலமைச்சர், நால்வகைப் படைக்கும் நாவால் ஆணையிடும் விழுப்பரையர் திருமுன்பு, இருட்பாறை நிலக்கரிச் சுரங்கத்தின் தலைவி நக்கன் கொற்றி வணங்கி விடுத்த ஓலை. தலைநகரின் குளங்கள் நிறைக. அவை தம் நீராலேயே நிறைக.

சுரங்கத்தில் ஊறும் நீர் முழுவதையும் அரண்மனையின் புதிய நீராழி மண்டபத்துக்கு வாய்க்கால் வெட்டி விடுமாறும், மண்ணுக்கடியில் கிடைத்த புதையல் அரசர்க்கே உரியதென்னும் பழஞ்சட்டம் நீருக்கும் பொருந்துமென்றும் தாங்கள் எழுதியருளியதைக் கொற்றி படித்தாள். அடேயப்பா, என்ன துணிச்சல் என்று அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அதை மறைத்து எழுத அவளுக்குத் தெரியாது.

அது புதையலன்று. சுரங்கம் ஆழ ஆழ, அதை அடுத்துள்ள ஆலங்குறையூரின் கிணறுகள் ஒவ்வொன்றாய் வற்றின. அங்கே வற்றியதே இங்கே ஊறுகிறது. ஆகவே ஒரு குடத்தையும் அவள் வீணாக்குவதில்லை. முதலில் கரிப்பாறையில் தெளித்துத் தூசியை அடக்குவார்கள். தெளிக்காத நாளில் தூசி தீப்பற்றினால் உள்ளே இருப்பவர் கதி அதோகதிதான். வழிந்த நீரைப் படிப்படியாய் அமைத்த ஏற்றங்களால் மேலேற்றி, குழிகளில் தெளியவைத்து, அதில் கரி கழுவி, மறுபடியும் தெளியவைத்து, மணலில் வடித்து ஆலங்குறையாரின் வயலுக்கு விடுவார்கள். சென்ற கோடையில் இச்சுற்று வட்டாரத்திலேயே நாற்று நட்ட ஊர் அது ஒன்றுதான்.

மண்ணுக்கடியில் உள்ளதெல்லாம் அரசுடைமை என்றால், நீர் தெளிக்கும் வழக்கம் வராத அந்நாளில் வெந்து அங்கேயே புதைந்த பதினொருவரும் அரசுடைமையே. அவருள் ஒருவன் கொற்றியின் கணவன் பூவன். அவனைக் கேட்டு அரண்மனையிலிருந்து ஓர் ஆள்கூட எட்டிப் பார்க்கவில்லை. நீரென்றதும் மட்டும் சட்டம் நினைவுக்கு வந்துவிட்டதோ?

தராவிடில் படை வந்து குழிக்கரைகளை உடைக்கும் என்றும் எழுதியுள்ளீர்கள். வரட்டும். முரசொலி கேட்ட கணமே எல்லாரையும் மேலேற்றிவிட்டு ஏற்றங்களை நிறுத்துமாறு கொற்றி ஆணையிட்டாயிற்று. ஏற்றமிறைப்போர் இருநூற்றுவரும் ஒருவர் பாக்கியின்றி அதற்கு இசைந்து கை உயர்த்திவிட்டார்கள். மூன்றே நாளில் சுரங்கம் வாய்வரை மூழ்கும். இக்கரியால் எரியும் அரசரின் உலைக்களங்கள் குளிர்ந்துபோகும். கிணறுகளுக்குத் திரும்பும் வழியை நீர் தானே கண்டுகொள்ளும்.

இவ்வாறு எழுதி, ஓலையை அரக்கிட்டு, கொற்றி தன் முத்திரையைத் தன் கையாலேயே பதிக்கிறாள். அரசரும் தாங்களும் நெடுநாள் வாழ்க. சுரங்கம் மூழ்கியபின் கரி வேண்டுமென்றால், நீந்தத் தெரிந்தவர்களாகப் பார்த்து அனுப்பியருள்க.