அழைக்காமல் போன வீடு

நவம்பர் 23, ஞாயிறு

ஸோர்னித்ஸா வியன்னாவில் பல் மருத்துவருக்கு உதவியாளர். வெள்ளைக் கோட்டுதான், டாக்டர் மாதிரியே. அவள் தம்பி போயான் மல்யுத்தத்தில் மாவட்ட அளவில் வெள்ளிப் பதக்கம். இப்போது ராணுவத்தில், கண்ணைக் கட்டிவிட்டாலும் துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டிவிடுவானாம். இவர்கள் இருவரும் என் மகள் பிள்ளைகள். மகன் பிள்ளை இக்னாத் பதினேழு வயதிலேயே மூன்று மொழி பேசுகிறான், கணக்குப் போட்டியில் ஜெர்மானியப் பிள்ளைகளைத் தள்ளிவிட்டு இரண்டாம் இடம்.

இவ்வளவையும் இன்று மாடிப்படியில் வைத்துப் பக்கத்து வீட்டு வான்யாவிடம் சொன்னேன். தன் மருமகன் கார் வாங்கிய கதையை அவள் தொடங்கியபோது நான் சும்மா இருப்பேனா?

எல்லாம் கேட்டுவிட்டு, "அது சரி, இக்னாத் கடைசியா எப்போ பேசினான்?" என்றாள்.

"போன வாரம்" என்றேன்.

நவம்பர் 24

பொய். ஆகஸ்டில் பேசினான். அதுவும் நான்கு நிமிடம், நண்பன் போனிலிருந்து.

என் மகன் பிளாமெனும் மருமகள் இஸ்க்ராவும் பிரிந்து இரண்டு வருஷமாகிறது. இஸ்க்ரா பையனைக் கூட்டிக்கொண்டு ஜெர்மனிக்கு, டோர்ட்முண்ட் போய்விட்டாள், போன் நம்பரையும் மாற்றிவிட்டாள். என் மகன் லாரியோடு பிரான்சு, ஸ்பெயின் என்று திரிகிறான். அப்பன் அழைத்தாலே எடுக்காதவன் என் அழைப்பையா எடுப்பான்?

ஆகஸ்டில் அவன் சொன்னது எனக்கு மனப்பாடம். "பாட்டி, போன் எல்லாம் எனக்கு அலுப்பு. நான் எப்பவும் விளையாட்டுலதான் இருப்பேன். பேசணும்னா அங்க வா." சொல்லிவிட்டுச் சிரித்தான்.

சிரித்தான்தான். ஆனால் வா என்றுதானே சொன்னான்?

நவம்பர் 26

அலமாரி மேலிருந்து, டிவியில் மாட்டி விளையாடும் வீடியோ விளையாட்டுப் பெட்டியை இறக்கினேன். கோடை விடுமுறையில் இக்னாத்தும் போயானும் அடித்துக்கொண்டு விளையாடியது. தூசி தட்டி டிவியில் மாட்டியதும் உயிர் வந்தது. போயான் பெயரில் உள்ளே போனேன். நண்பர்கள் பட்டியலில் இக்னாத் பெயர், பக்கத்தில் பச்சைப் புள்ளி.

கீழ்த்தளத்தில் ரேடியோ, டிவி பழுது பார்க்கும் ஃபிக்ரெத்தைக் கேட்டேன், அது என்ன புள்ளி என்று.

"இப்ப விளையாடிட்டு இருக்கார்னு அர்த்தம், அக்கா."

அரை மணி நேரம் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் பீன்ஸ் அடிபிடித்துவிட்டது.

டிசம்பர் 1

எனக்குக் காது மந்தம். டிவி கேட்கவென்று ஸோர்னித்ஸா கம்பியில்லாத ஹெட்ஃபோன் அனுப்பியிருந்தாள். அதைப் பெட்டியோடு சேர்த்துவிட்டால் அவன் குரல் நேரே காதுக்குள் வந்துவிடும். பொத்தானை அழுத்திப் பிடித்தேன். நீல விளக்கு மின்னியது. பெட்டி தேடியது, தேடியது, ஒன்றும் இல்லை என்றது. பதினோரு முறை.

டிசம்பர் 2

முட்டாள் நான். ஹெட்ஃபோன் டிவியோடு ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. ஒன்றை விட்டால்தான் இன்னொன்றைப் பிடிக்கும் என்று ஃபிக்ரெத் சொன்னான். டிவியிலிருந்து விடுவித்தோம். இப்போது பெட்டி அதைக் கண்டுகொண்டது. ஆனால் ஏற்க மாட்டேன் என்று திரையில் எழுதிக் காட்டியது.

"இந்தப் பெட்டி அப்படித்தான் அக்கா. சொந்தக்காரங்களைத் தவிர வேற யாரையும் வீட்டுக்குள்ள விடாது. நடுவுல ஒரு தரகர் வேணும்."

தரகர் என்றால் விரல் நகம் அளவு ஒரு குச்சி. முன்னால் இருக்கும் துளையில் செருக வேண்டுமாம். வரவழைக்கச் சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 5

குச்சி வரவில்லை.

டிசம்பர் 11

வந்தது. செருகினதும் நீல விளக்கு மின்னுவது நின்று அசையாமல் எரிந்தது. காதுக்குள் பாட்டு! ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நான் அழுத்தி, நான் சேர்த்தது. ஃபிக்ரெத்தைத் தோளில் ஓர் அடி அடித்தேன்.

அப்புறம் அவன் சொல்கிறான், கேட்க மட்டும்தான் முடியுமாம். பேச, கையில் பிடிக்கும் கருவியில் பட்டாணி அளவு மைக் ஒன்று தனியாக மாட்ட வேண்டுமாம்.

"முன்னாலேயே சொல்றதுக்கென்ன உனக்கு?"

"சொல்லியிருந்தா என்னை அடிச்சிருப்பீங்களா? சந்தோஷத்துல அடிச்சது வலிக்கல."

டிசம்பர் 19, வெள்ளி

மைக் வந்து மூன்று நாளாகிறது. சோதித்தும் பார்த்துவிட்டோம். ஃபிக்ரெத் இன்றே கூப்பிடச் சொன்னான். மாட்டேன் என்றேன். நாளைக்குப் புனித இக்னாத் நாள், அந்தப் பெயர் வைத்த என் பேரனுக்குப் பெயர்நாள். பெயர்நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. கதவு திறந்திருக்கும், போக வேண்டியதுதான். அதிலும் இது எல்லா நாளையும் போன்றதல்ல. நாளைக்கு முதலில் வாசல் மிதிப்பவரின் காலோடுதான் அந்த வீட்டுக்கு வருஷம் முழுவதும் நல்லதோ கெட்டதோ வரும். என் கால் ராசியான கால். வான்யாவின் கிராமத்து வீட்டுக்கு நான் முதல் ஆளாகப் போன வருஷமெல்லாம் அவள் கோழிகள் நிற்காமல் முட்டையிட்டன, அவளே ஒப்புக்கொள்வாள். இஸ்க்ரா வீட்டு வாசலை நான் மிதிக்க முடியாது. அவன் எந்நேரமும் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் போக யார் தடுக்க முடியும்?

ஃபிக்ரெத் தன் திருப்புளியைக் கேட்டான். குச்சி ஆடுகிறது, இருக்கட்டும் என்றேன்.

"நாளைக்குக் கேட்டா வீட்டுல இருந்து ஒரு துரும்பும் வெளிய போகக் கூடாதுன்னு சொல்வீங்க. உங்க சாமிக்கு என் திருப்புளி மேல அப்படி என்ன கண்ணு?"

"ஆமா, கேட்காதே. காலையில என் வீட்டுக்கு முதல் ஆளாவும் வந்து தொலைக்காதே."

"வந்தா வருஷம் முழுக்க உங்க டிவி கெட்டுப்போகும். எனக்குப் பிழைப்பு ஆச்சு!"

டிசம்பர் 20, சனி

பள்ளி இல்லாத நாள். ஒன்பதரைக்கே பச்சைப் புள்ளி வந்துவிட்டது. நீல ரவிக்கை போட்டுக்கொண்டேன். யார் பார்க்கப் போகிறார்கள்? இருந்தாலும். ஹெட்ஃபோனை மாட்டினேன். சொல்லிக்கொடுத்தபடி அழுத்தினேன்.

"டேய் போயான்! எங்கடா போய்த் தொலைஞ்ச இவ்வளவு நாளா?"

கனத்த ஆம்பளைக் குரல். வேறு யாரோ என்று நினைத்தேன். ஆனால் போயான் என்று எங்கள் மொழியில் கூப்பிட அங்கே வேறு யார்? எவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில்.

"போயான் இல்லடா கண்ணு, பாட்டி. இன்னைக்கு உன் நாள்! முதல் ஆளா நான் வந்திருக்கேன். நோய் நொடி இல்லாம இரு, தொட்டதெல்லாம் பெருகட்டும், ஆடு குட்டி போடட்டும், கோழி..." முழு வாழ்த்தையும் சொன்னேன். எங்கள் வீட்டில் சொல்வதுபோல, ராகத்தோடு.

விளையாட்டின் துப்பாக்கிச் சத்தம் நின்றது.

அப்புறம் வேறு பையன்கள். மூன்று பேரோ நாலு பேரோ. ஒருவன் என் ராகத்தை அப்படியே இழுத்துக் காட்டினான். சிரிப்பு. இன்னொருவன் என்னவோ கேட்டான்; அதில் ஓமா என்று வந்தது. ஜெர்மனில் பாட்டி. இக்னாத்தான் ஒரு கோடையில் எனக்குச் சொல்லிக்கொடுத்தான்.

"நைன்" என்றான் என் பேரன்.

அந்த வார்த்தையும் எனக்குத் தெரியும். இல்லை.

ஒரு மணியோசை கேட்டது. பிறகு ஒன்றுமே இல்லை. புள்ளி சாம்பல் நிறமாகிவிட்டது. பதினொரு மணி வரைக்கும் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. திரும்பி வந்தாலும் வருவான் என்று.

மதியம் ஃபிக்ரெத் வாசலுக்கு வெளியே நின்றான். "கேக்கக் கூடாதுதான், தெரியும். மூணாவது மாடியில ஹீட்டர் நின்னுபோச்சு, குழந்தை இருக்கு..." திருப்புளியை எடுத்துக் கொடுத்துவிட்டேன். நான் திட்டுவேன் என்று எதிர்பார்த்தவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"பேசினீங்களா அக்கா?"

"பேசினான். ரொம்ப நேரம் பேசினான்."

டிசம்பர் 21

மழை. பதினேழு வயசுப் பையன், சேக்காளிங்க முன்னாடி ஒரு கிழவி போய் ஆடு கோழின்னு பாடினா வெட்கமா இருக்காதா? அவன் பக்கம் நியாயம் இருக்கு. நான்தான் பைத்தியக்காரி. அங்கே இதெல்லாம் யாருக்குத் தெரியும்? அழைக்காமப் போனா திருடன்னு நினைக்கிற ஊரு.

ஆனா இல்லைன்னா சொல்லணும்? பக்கத்து வீட்டுக்காரின்னு சொல்லியிருக்கலாம். பேசாம இருந்திருக்கலாம். இல்லைன்னு...

டிசம்பர் 24

பிளாமென் பிரான்சில் லியோன் பக்கத்திலிருந்து கூப்பிட்டான். நடந்ததைச் சொல்லவில்லை. அவனுக்கு அவன் பாடு.

ஜனவரி 4

புத்தாண்டுக்குப் பிறகு இன்றுதான் பெட்டியைப் போட்டேன். பட்டியலில் இக்னாத் பெயரே இல்லை. சாம்பல் புள்ளிகூட இல்லை. ஃபிக்ரெத் வந்து பார்த்தான்.

"பேரை மாத்தியிருப்பார் அக்கா. பசங்க அடிக்கடி மாத்துவாங்க."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "சரி, அப்போ இதை நீயே எடுத்துட்டுப் போ" என்று குச்சியையும் மைக்கையும் அவன் பையில் போட்டேன். ஹெட்ஃபோன் மறுபடியும் டிவியோடு சேர்ந்துகொண்டது. இந்த முறை ஒரே அழுத்தலில்.

ஜனவரி 7, புதன்

வான்யாவிடம் இன்று எதுவும் சொல்லவில்லை. அவள்தான் பேசினாள், நான் கேட்டுக்கொண்டேன்.

ஸோர்னித்ஸாவுக்குக் கடிதம் எழுதித் தபாலில் போட்டேன். நீ இஸ்க்ராவோடு பேசுவது எனக்குத் தெரியும், கோபமில்லை என்று எழுதினேன். இக்னாத்தின் புதுப் படம் ஒன்று வாங்கி அச்சுப் போட்டுத் தபாலில் அனுப்பு என்று எழுதினேன். இங்கே மாட்டியிருப்பதில் அவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. நான் கேட்ட அந்தக் குரலுக்கு என்னிடம் முகம் இல்லை.

கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: எனக்காக என்று அவனிடம் சொல்லாதே.