துண்டுக்கு அடியில் காட்டுப்பன்றி

ஜூன் 18
சாரல் விடவில்லை. காகிதம் நமுத்து மை பரவுகிறது. பரவட்டும், என் படக்கதைக்கு இருட்டுதான் வேண்டும். ஐந்தருவி சாலையில் ஒற்றை விளக்கின் கீழ் மழைக்கோட்டு போட்ட துப்பறியும் கீரி. எதிரே மாட்டுத்தரகர் காட்டுப்பன்றி. குளம்பை வைத்துக்கொண்டு அது எப்படி விலை பேசும்? அதற்கு மட்டும் மனிதக் கை வரைந்தேன்.

ஜூன் 21
ஏழாம் பாகத்தை இன்ஸ்டாவில் போட்டுவிட்டேன். மாட்டுச்சந்தையில் கையைத் துண்டால் மூடி, விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். வெளியே யாருக்கும் தெரியாது. நான் துண்டுக்கு உள்ளேயே போய் வரைந்தேன். விற்கிறவரிடம் பன்றி ஒரு விரலை மடக்குகிறது, வாங்குகிறவரிடம் அதையே நீட்டுகிறது. இடையில் நிற்கும் பணம் அதன் வயிற்றுக்கு. முடிந்ததும் கட்டைவிரலால் எதிராளியின் உள்ளங்கையைச் சுரண்டும். எல்லாம் அப்பா சாப்பிடும்போது சொன்னது. நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே திமிர்.

ஜூன் 22
அப்பா சாப்பிடவில்லை. "விஜயசங்கர் அண்ணாச்சி ஒன் படத்தப் பாத்துட்டாரு."

சந்தையில் பெரிய தரகர் அவர்; அப்பா அவரிடம்தான் கையாளாக இருக்கிறார்.

"அவரு மூஞ்சியவா வரைஞ்சேன்? அது பன்னிப்பா."

"மூஞ்சிய யாரு பாத்தா? சுரண்டுத பழக்கம் அவரு ஒருத்தருக்குத்தான். வெரல மடக்குத விசயம் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்."

முகத்தை மறைத்தேனே, கையை மறைத்தேனா?

ஜூன் 23
படத்தை நீக்கிவிட்டேன். அதற்குள் வாட்ஸ்அப்பில் சந்தை முழுக்கச் சுற்றிவிட்டது.

ஜூன் 25
அண்ணாச்சி இலஞ்சியில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். சிரித்தபடி காபி குடித்தார். அந்தச் சிரிப்புதான் பயமாக இருந்தது.

"பாப்பா நல்லா வரையுது. வியாழக்கிழம சந்தையில நாலு பேரு முன்னால, அண்ணாச்சி அப்படிச் செய்யதில்லன்னு ஒங்கப்பன் சொல்லட்டும். இல்லன்னா அங்கன வரவே வேண்டாம்."

அப்பா தலையாட்டினார். ஏம்ப்பா தலையாட்டுனீங்க? எல்லாம் என்னாலதான.

ஜூன் 27
நானும் சந்தைக்குப் போனேன். கீழப்பாவூர் முத்துவடிவு அக்கா ஒரு பசுவைக் கொண்டுவந்திருந்தார். அண்ணாச்சி துண்டை விரித்துக் கையை நீட்டினார். அக்கா கை கொடுக்காமல் அப்பாவைக் காட்டினார்.

"மாரிச்செல்வம் அண்ணன் மொதல்ல சொல்லட்டும். பெறவு தாரேன்."

"சொல்லும்வே" என்றார் அண்ணாச்சி.

அப்பா என்னைப் பார்த்தார். அப்புறம் அண்ணாச்சியின் கைமேல் கிடந்த துண்டை எடுத்து அவர் தோளிலேயே போட்டார். கை வெட்டவெளியில் நின்றது.

"வெலைய வாயால சொல்லுங்க அண்ணாச்சி."

ஜூன் 28
அப்பாவுக்கு இனி அங்கே வேலை இல்லை.

ஜூலை 4
இன்று சந்தை நாள். அப்பா வீட்டிலேயே இருந்தார். பத்து மணி வாக்கில் வாசலில் முத்துவடிவு அக்கா, மழையில் நனைந்த கன்றோடு. "அண்ணே, இத ஒரு நல்ல எடமாப் பாத்து வித்துக் குடுங்க."

ஒரே ஒரு கன்றுதான். அடுத்த வாரம் யார் வருவார்களோ, தெரியாது. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கொடியில் கிடந்த துண்டைத் தொடவில்லை.

எட்டாம் பாகம் வரைய உட்கார்ந்தேன். வாயால் விலை சொல்லப் பன்றிக்குக் குளம்பே போதும்.