வெங்காயம் நிறுக்கும் போஸ்ட்மாஸ்டர்

10.09.2009, வியாழன். பாரிஸ்

புரோக்கர் சண்முகராசா இன்றும் போன் எடுத்தார். லண்டன் மாப்பிள்ளை சிவதர்ஷன் போஸ்ட்மாஸ்டராம். "அண்ணை, இருபத்தொன்பது வயசில போஸ்ட்மாஸ்டர்! இனி என்ன வேணும்?"

அதுதான் எனக்கு இடிக்கிறது. போஸ்ட்மாஸ்டர் என்றால் தலை நரைத்திருக்க வேண்டும். அரசாங்க உத்தியோகம், பென்ஷன். இருபத்தொன்பதில் எப்படி? மகள் கோசிகா அவனோடு இரண்டு மாதமாகப் போனில் கதைத்து, ஓம் என்றும் சொல்லிவிட்டாள். நான்தான் இன்னும் சொல்லவில்லை. படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றாலும் பொய்யை மணந்து பிடிக்கிற மூக்கு எனக்கு உண்டு. மனிசி தவமலருக்கு அந்த நம்பிக்கை இல்லை.

12.09.2009, சனி

போகிறேன். லண்டனில் ஒருவருக்கும் சொல்லாமல். சொந்தக்காரர் வீட்டில் நின்றால் செய்தி எனக்கு முன்னே போய்ச் சேரும். ஆகவே மலிவு பஸ், மலிவு ஹொஸ்டல், மகன் லக்‌ஷனின் பள்ளிக்கூட முதுகுப்பை. ஐம்பத்து மூன்று வயதில் உல்லாசப் பயணி.

15.09.2009, செவ்வாய். லண்டன்

விக்டோரியாவில் இறங்கியதுமே ஒருவன் சும்மா பேப்பர் நீட்டினான். காசு வேண்டாமாம். ஏன்? வாங்கவில்லை.

ஊர் பார்க்க வந்தவன் ஊர் பார்க்க வேண்டுமே என்று ஆற்றங்கரைக்கு நடந்தேன். பேர்போன அந்தப் பெரிய மணிக்கூடு என் கைக்கடிகாரத்துக்கு ஒரு மணித்தியாலம் பிந்தி ஓடியது. இவ்வளவு பெரிய நாட்டில் மணிக்கூடே பொய் என்றால் மாப்பிள்ளை எம்மாத்திரம்! அரை மணித்தியாலம் கழித்துத்தான் பிழை என்னிடம் என்று விளங்கியது. பாரிஸ் நேரத்தை மாற்றவில்லை.

ஸ்டேஷனில் பொலிஸ் நாய் என் பையை மணந்துவிட்டு முன்னால் குந்திக்கொண்டது. நான் எல்லாரையும் சந்தேகப்பட்டால் நாய் என்னைச் சந்தேகப்படுகிறது. பையைத் திறந்தார்கள். தவமலரின் ரொட்டியும் மாசிக் கருவாட்டுச் சம்பலும். பொலிஸ்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு போகச் சொன்னார்.

பிளேஸ்டோ, லண்டனின் கிழக்குப் பக்கம். சண்முகராசா தந்த விலாசத்தில் தபால் கந்தோரைக் காணவில்லை. பலசரக்குக் கடைதான் இருந்தது. உள்ளே ஏப்ரன் கட்டிக்கொண்டு வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தவன் போட்டோவில் பார்த்த அதே பெடியன்! பிடிச்சிட்டன்.

அப்போது ஒரு வெள்ளைக்கார அம்மா ஏதோ கேட்க, கையைத் துடைத்துக்கொண்டு கடையின் கோடியிலிருந்த கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் இருந்தான். முத்திரை குத்தினான். இதென்ன கூத்து? ஒரு ஆள், இரண்டு வேசம்?

சோதித்துப் பார்ப்போம் என்று மணிக்கூட்டுப் படம் போட்ட தபாலட்டை ஒன்று வாங்கி, அரிசி மூட்டையில் வைத்தே தவமலருக்கு எழுதினேன்: "உன்ர போஸ்ட்மாஸ்டர் வெங்காயம் நிருக்கிறார். முழுப் பொய். பெட்டையை மறக்கச் சொல்லு." அதைக் கண்ணாடிக்குள்ளால் நீட்டினேன். பாரிஸில் பத்தொன்பது வருசமாக இப்படித்தான் நீட்டுகிறேன். தபால்காரருக்குத் தமிழ் தெரியாது.

இவனுக்குத் தெரியும் என்பது நீட்டிய பிறகுதான் உறைத்தது.

அட்டையைப் பார்த்தான். விலாசத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"மாமா, 'நிறுக்கிறார்' எண்டதுக்குப் பெரிய று வரும்."

ஐயோ. நிலம் பிளக்கவில்லை.

"நீர்... என்னை எப்பிடி..."

"கோசிகாவுக்குப் பிறந்தநாள் கார்ட் அனுப்பின விலாசம்தானே. வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்."

வெங்காய மூட்டையில் இருத்தித் தேத்தண்ணி தந்தான். "இங்க கடைக்குள்ளதான் மாமா தபால் கந்தோர். கடைக்காரன்தான் போஸ்ட்மாஸ்டர். அரசாங்க உத்தியோகம் எண்டு நினைச்சியளோ?"

"அப்ப பென்ஷன்?"

"மற்ற ஆக்களின்ர பென்ஷனை எடுத்துக் குடுக்கிறதுதான் என்ர வேலை." சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டான். "கோசிகாவுக்கு எல்லாம் சொல்லீட்டன். உங்களுக்கு வேறமாதிரிச் சொல்லியிருக்கினம் எண்டு எனக்குத் தெரியாது. வேண்டாமெண்டால் இந்தக் கார்ட்டை அனுப்பிவிடுறன்."

முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். அட்டையைத் திருப்பி வாங்கினேன். ஓமென்று மட்டும் சொல்லவில்லை. மூக்கு விடவில்லை.

17.09.2009, வியாழன். பாரிஸ்

"பிள்ளை, அவன் கடைக்காரன் எண்டு தெரிஞ்சும் எனக்கு ஏன் சொல்லேல்லை?"

கோசிகா: "அப்பா, சண்முகராசா மாமா உங்களை என்னெண்டு மாப்பிள்ளை வீட்டுக்குச் சொன்னவர்?"

அவளே சொன்னாள்:

"ரெஸ்ரோறன்ட் மனேஜர். நீங்களும் பக்கத்திலதான் இருந்தனீங்கள்."

இருந்தேன். பேசாமல் இருந்தேன். பத்தொன்பது வருசமாக நான் அங்கே கோப்பை கழுவுகிறேன். இதை இந்தக் கொப்பியில்கூட இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

18.09.2009, வெள்ளி

போனைக் கையில் எடுத்தேன். வைத்தேன்.

20.09.2009, ஞாயிறு

மாப்பிள்ளையின் தகப்பன் பத்மநாதனுக்கு எடுத்தேன். "அண்ணை, நான் மனேஜர் இல்லை. கோப்பை கழுவுறனான். இதைக் கேட்டிட்டு வேண்டாமெண்டால் சொல்லுங்கோ. ஆனா பிள்ளை ஒரு பொய்யும் சொல்லேல்லை."



"தெரியும் தம்பி. ஆவணியிலயே மச்சானை அனுப்பி விசாரிச்சனான். ரெஸ்ரோறன்ட் குசினிப் பின்கதவால எட்டிப் பாத்திட்டு வந்து, ஆள் நல்லாக் கழுவுறார், ஒரு கோப்பையும் உடைக்கேல்லை எண்டவர்."

அவருக்கும் ஒரு மூக்கு. இரண்டு பேரும் இருமும்வரை சிரித்தோம். பிறகு நான் ஓம் என்றேன்.

23.09.2009, புதன்

கல்யாணத்துக்குத் தை மாதத்தில் நாள் பார்க்க அடுத்த வருசக் கலண்டர் வேண்டுமாம், தவமலருக்கு இப்பவே. தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பலில் நாலு கடை ஏறி இறங்கினேன். "அண்ணை, இது புரட்டாதி!" என்று சிரிக்கிறார்கள். நாளைக்கு ஐந்தாவது கடையில் கேட்க வேண்டும்.